நத்தார் தாத்தாவின் வாயில் எறும்பு

மச்சான்,

டிசம்பர் பிறந்ததும் முதலாளி ஸ்டோர் அறைத் திறப்பை என் கையில் தந்து, நத்தார் சாமான்களை இறக்கச் சொன்னார். எல்லாம் நீ வைத்த இடத்திலேயே இருந்தன. பாதி இலை உதிர்ந்த பிளாஸ்டிக் மரம். ஒரே பாட்டைக் கீச்சுக் குரலில் திரும்பத் திரும்பப் பாடி, கடை முழுக்கத் தலைவலி பரப்பும் பல்ப் மாலை. தலையணைப் பகுதியிலிருந்து நாம் இருவரும் களவாக உருவிப் பனியாக்கிய பஞ்சு. அடியில், ஒரு சாரிப் பெட்டிக்குள், உன் முகம்.

உன் முகம் என்றா எழுதிவிட்டேன்? நத்தார் தாத்தாவின் முகமூடி. ரோஸ் கன்னம், வெள்ளைத் தாடி, எதற்கென்று தெரியாத சிரிப்பு. தூக்கிப் பார்த்தால் உள்ளே எறும்பு. மூக்குத் துவாரத்தால் ஒரு வரிசை உள்ளே போகிறது, வாயால் ஒரு வரிசை வெளியே வருகிறது. கண்டி டவுனில் அவ்வளவு ஒழுங்கான போக்குவரத்தை நான் கண்டதில்லை.

தட்டிவிட்டு முகர்ந்து பார்த்தேன். வியர்வை நாற்றம் வரும் என்று எதிர்பார்த்தேன். இத்தனை வருடம் உன் பக்கத்தில் உட்கார்ந்து சோற்றுப் பார்சல் சாப்பிட்ட மூக்கு இது, அதற்கு உன் வியர்வை பழக்கம். ஆனால் வந்தது பால் டொபி வாசனை. தாடியின் உள்பக்கம் சீனிப் பாகில் தோய்த்தெடுத்ததுபோல் விறைத்திருந்தது.

அப்போதுதான் அந்த வாயைக் கவனித்தேன். வாங்கும்போது அது ஒரு மெல்லிய கீறல். நீ சாரி வெட்டும் கத்தரியால் அதை அகட்டியிருந்தாய். "மூச்சு முட்டுது மச்சான்" என்றாய், நானும் நம்பினேன். மூச்சுவிட மேலே இரண்டு துவாரம் இருப்பது ஏன் என் மண்டையில் ஏறவில்லை? பிள்ளைகளுக்குக் கொடுக்கவென்று வாங்கி வைத்திருந்த டொபிப் பையிலிருந்து ஒன்றை எடுத்து அந்த வாயில் வைத்துப் பார்த்தேன். தபால் பெட்டியில் கடிதம் விழுவதுபோல் உள்ளே விழுந்தது.

மச்சான், நீ சீனி வருத்தக்காரன்.

கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. எறும்புகள் திரும்பி வருகின்றனவா என்று பார்த்துக்கொண்டு நின்றேன்.

உனக்குத் தெரிந்த கதைதான். ஆனால் முதலிலிருந்து சொல்லாவிட்டால் எனக்குக் கதை வராது என்பதும் உனக்குத் தெரிந்ததுதானே. உனக்குச் சீனி என்று கிளினிக்கில் சொன்ன நாளன்று உன் மனைவி கடை வாசலுக்கே வந்துவிட்டாள். நீ எனக்கு மச்சான் ஆனதால் அவள் எனக்குத் தங்கச்சி. "வீட்டில நான் பாத்துக்கிறேன். கடையில நீங்கதான் அண்ணே பாத்துக்கணும். இவரு இனிப்பக் கண்டா மனுசனா இருக்கமாட்டாரு" என்றாள். நீ பின்னால் நின்று, பள்ளிக்கூடத்தில் பிடிபட்டவன் மாதிரிக் காலால் தரையைத் தேய்த்துக்கொண்டிருந்தாய். அன்றைக்கே எனக்குப் பொலிஸ் உத்தியோகம் கிடைத்தது.

நான் நேர்மையான பொலிஸ் மச்சான். சாரிப் பகுதியில் நீ, சட்டைத் துணிப் பகுதியில் நான், நடுவில் என் கண். கண்டியில் மாதத்துக்கு ஒரு பெருநாள். தைப்பொங்கலுக்குச் சர்க்கரைப் பொங்கல், சித்திரையில் சிங்கள வீடுகளிலிருந்து கொக்கிஸும் கொண்டைப் பலகாரமும், வெசாக்குக்குத் தெருத்தெருவாக இலவசத் தன்சல் பந்தல். நோன்புப் பெருநாளைக்கு முதலாளி வீட்டு வட்டிலாப்பம், தீபாவளிக்கு உன் வீட்டு அதிரசம். ஊரே சாப்பிடும், நீ வாசம் பிடிப்பாய். வெசாக்கன்று பேராதனை ரோட்டில் ஐஸ்கிரீம் தன்சல் வரிசையில் நீ நிற்பதைக் கண்டு, சேர்ட் கொலரைப் பிடித்து வெளியே இழுத்தேன். இலவசமாகக் கொடுக்கும் ஐஸ்கிரீமை வாங்கவிடாமல் இழுக்கும் பைத்தியம் யார் என்று சனம் பார்த்தது. "பாக்கிறதுக்குத்தான் நின்னேன் மச்சான். தோரணத்தையும் பாக்கிறோம், அதத் திங்கிறோமா?" என்றாய். உன் பங்கு வட்டிலாப்பத்தை எப்போதும் நான்தான் சாப்பிட்டேன். எனக்கு இனிப்புப் பிடிக்காது. கடமைக்காகச் சாப்பிட்டேன். அதில் என் இடுப்புத்தான் பெருத்தது.

ஆனால் டிசம்பரில் மட்டும் நீ இனிப்புப் பேச்சே எடுக்கமாட்டாய். கிறிஸ்மஸ் கேக் துண்டுகளைக் கஸ்டமர்கள் கண்ணாடித் தாளில் சுற்றிக் கொண்டுவந்து தருவார்கள், நீ என் பக்கமே தள்ளிவிடுவாய். நான் தங்கச்சியிடம் பெருமையாகச் சொல்வேன்: "டிசம்பர்ல மனுசன் திருந்திடுறான்." அவள் முந்தானையால் வாயைத் துடைத்துக்கொள்வாள்.

நத்தார் தாத்தா வேலையை நீயாகவே கேட்டு வாங்கியதையும் நான் தப்பாகத்தான் கணக்குப் போட்டேன். மேடை ஆசை என்று நினைத்தேன். நாவலப்பிட்டிக்கு மேலே தேயிலைத் தோட்ட லயத்தில் பிறந்தவன், நெற்றியில் விபூதி, அதன் மேல் வெள்ளைக்காரத் தாத்தாவின் ரோஸ் முகம். சம்பளம் கொடுப்பது ஹாஜியார் முதலாளி. கைதட்டுவது தலதா மாளிகைக்குப் பூக் கொண்டுபோகும் சனம். இதைப் பற்றி நான் எத்தனை பகிடி விட்டேன்! நீ கணக்கெடுக்கவே இல்லை. ஸ்பீக்கரில் பப்பரே வாத்தியம் தொடங்கியதும் அந்தப் பெரிய வயிற்றைத் தூக்கிக்கொண்டு பைலா ஆடுவாய். "நத்தல் சீயா!" என்று சிங்களப் பிள்ளைகள் கத்தும். நீ பிள்ளைகளுக்கு ஒரு டொபி கொடுத்தால் கூட வந்த தகப்பனுக்கும் ஒன்று கொடுப்பாய். பஸ் கொண்டக்டருக்கு, டிரபிக் பொலிஸுக்கு, லொத்தர் டிக்கெட் விற்கிற பெண்ணுக்கு. "பிள்ளைங்களுக்கு எல்லாரும் குடுப்பாங்க மச்சான். பெரியவங்களுக்கு யாரு குடுக்கிறா?" என்பாய். பொழுது சாய்வதற்குள் டொபிப் பை காலியாகும். முதலாளி தலையைச் சொறிவார். "இந்தக் கண்டியில இவ்வளவு புள்ளைகளா ஈக்கிறாங்க?"

ஒருமுறை, முகமூடியைக் கழற்றாமலே நீ தேநீர் வேண்டாம் என்றபோது, சீனி போடாத தேநீர்தான், பயப்படாதே என்றேன். உள்ளேயிருந்து உன் குரல் ஏதோ கொழகொழவென்று வந்தது. "நத்தார் தாத்தா எந்தக் கிளினிக்குக்கும் போறதில்ல மச்சான்." நான் விழுந்து விழுந்து சிரித்தேன். நல்ல பகிடி என்று வீட்டுக்காரியிடமும் சொன்னேன். வாயில் டொபியை வைத்துக்கொண்டு நீ நேராகவே சொல்லியிருக்கிறாய். பொலிஸுக்குத்தான் விளங்கவில்லை.

ஓகஸ்டில், பெரஹரா ஊர்வலம் முடிந்து யானைகள் லொறியேறிய வாரம், நீ போனாய். பேராதனை ஆஸ்பத்திரியிலிருந்து அம்பிட்டிய மேட்டில் உன் வீட்டுக்குக் கொண்டுவந்தோம். நான் வாடகைக் கதிரைக்காரனோடு சண்டை பிடித்தேன், கூடாரம் சாய்ந்திருக்கிறது என்று ஏசினேன், வந்தவர்களுக்குத் தேநீர் போனதா என்று பார்த்தேன். உன் சித்தப்பா பெட்டிக்கருகே நித்திரையாகிக் குறட்டை விட்டதைப் பார்த்து, உன்னிடம் சொல்ல வேண்டும் என்று ஞாபகத்தில் குறித்தும் வைத்தேன். வாய்க்கரிசி போட என்னையும் கூப்பிட்டார்கள். போட்டேன். கையில் ஒட்டிய அரிசியைச் சாரத்தில் துடைத்துக்கொண்டேன். கண்ணில் ஒரு சொட்டு வரவில்லை. உன் மாமியார் அதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். "கூட்டாளியாம் கூட்டாளி" என்று யாரிடமோ சொன்னதும் என் காதில் விழுந்தது. அதுவும் வலிக்கவில்லை. பல்லுப் பிடுங்க ஊசி போட்ட கன்னம் மாதிரி, தொட்டால் இருக்கிறது, ஆனால் என்னுடையது இல்லை. இன்னும் அப்படித்தான் இருக்கிறது.

இப்போது இந்த முகமூடி. எனக்கு ஒரு பயம்தான் இருந்தது. தங்கச்சிக்கு இது தெரியக்கூடாது. பாகற்காயும் குரக்கன் ரொட்டியுமாக உன்னைக் கட்டிக் காத்தவள். நீ ஒவ்வொரு டிசம்பரும் இப்படிக் கள்ளத்தனம் பண்ணினாய் என்று கேள்விப்பட்டால், தன் பாடெல்லாம் வீண் என்று உடைந்துபோவாள். பின்கட்டுக் குழாயடியில் சவர்க்காரம் போட்டு, சுடுநீர் ஊற்றி, பழைய பல்துலக்கியால் தாடியைத் தேய்த்தேன். நத்தார் தாத்தாவுக்குப் பல் விளக்கிய ஒரே மனிதன் நானாகத்தான் இருப்பேன்.

முதலாளி வந்து பார்த்தார். "நல்லமா கழுவுங்க. இந்த முற நீங்கதானே போடப்போற."

"நானா? எனக்கு ஆடத் தெரியாது முதலாளி."

"அவருக்கு மட்டும் தெரிஞ்சதா?" என்றவர், முகத்தைத் திருப்பிக்கொண்டு சொன்னார்: "வேற ஆள எடுக்க எனக்கு மனசு இல்ல."

ஆடினேன் மச்சான். கோட்டு உன் வயிற்றுக்குத் தைத்தது, என் வயிறும் உன் வட்டிலாப்பத்தால் ஆனதுதானே, சரியாகப் பொருந்தியது. ஆட்டம்தான் பொருந்தவில்லை. போனில் வீடியோ எடுக்க வந்த பெட்டைகள், தாத்தாவுக்கு முழங்கால் வருத்தம்போல என்று சிரித்தார்கள். முதலாளி வெளியே வந்து, "ஒங்கட ஆட்டத்தப் பாத்து ஆக்கள் கடைக்குள்ள வரல்ல, ரோட்டுக்கு அங்கால போறாங்க" என்றார். முகமூடி சிரித்துக்கொண்டே இருந்தது. அது ஒரு வசதி. உள்ளே ஒன்றுமில்லாத மனிதனுக்கு அதைவிட நல்ல உத்தியோகம் கிடையாது.

நத்தாருக்கு முதல் நாள் பின்னேரம் தங்கச்சி வந்தாள். வாசலில் சனத்தோடு சனமாக நின்று பார்த்தாள். பாட்டு முடிந்ததும் கிட்ட வந்து, முகமூடியின் தாடியைத் தொட்டாள்.

"கழுவிட்டீங்களா அண்ணே?"

"ஒரே தூசி தங்கச்சி."

"தூசியா, டொபியா?"

முகமூடிக்குள்ளிருந்து பொய் சொல்வது லேசு என்று நினைத்திருந்தேன்.

"வருசா வருசம் ஜனவரியில இந்தக் கோட்டக் கழுவுறது யாரு? நான்தானே. வலது பக்கப் பை நெறைய டொபித் தாளு. ஒவ்வொண்ணையும் அழகா மடிச்சு வச்சிருப்பாரு, கள்ளன். ஒரு நாள்கூட நான் கேட்டதில்ல."

"தெரிஞ்சுமா விட்டீங்க?"

"பதினோரு மாசம் புடிச்சு வச்சிருந்தேன். ஒரு மாசமாவது மனுசன் மனுசனா இருக்கட்டுமேன்னு விட்டேன்." கண்ணைத் துடைக்கவில்லை அவள். துடைப்பதற்கு ஒன்றும் இல்லை. அவளும் என்னைப்போலத்தான் வறண்டுபோய் நின்றாள் என்று அப்போதுதான் கண்டேன். "அன்னிக்கு எல்லாரும் வாய்க்கரிசி போட்டாங்க. சோத்த அளந்து அளந்து போட்ட வாயி. எனக்கு அரிசி போட மனசு வரல அண்ணே. ஒரு டொபி போடணும்னு இருந்துச்சு. கையிலயே வச்சிருந்தேன். அம்மா பாத்துக்கிட்டே இருந்தாங்க, போட முடியல."

பிறகு கைப்பையைத் திறந்து ஒரு பால் டொபியை எடுத்துத் தாளை உரித்தாள். அந்த டொபிதானா என்று நான் கேட்கவில்லை. நடு வாசலில், பல்ப் மாலை கீச்சென்று பாட, நீ கத்தரியால் அகட்டிய அந்த வாயில் அதை வைத்து, ஒரு விரலால் மெல்ல உள்ளே தள்ளினாள். நான் வாயைத் திறந்து வாங்கிக்கொண்டேன். பக்கத்தில் நின்ற ஒரு பிள்ளை தாயின் சட்டையை இழுத்துக் காட்டியது, தாத்தாவுக்கு டொபி கொடுக்கிறார்கள் என்று.

அவள் தாளை மடித்து, கோட்டின் வலது பையில் தானே போட்டாள். "பெருநாள் முடிஞ்சதும் கோட்ட நான்தான் கழுவுவேன், வேற யாருக்கிட்டயும் குடுத்திடாதீங்க. நாளைக்கு மறுநாள் வாறேன்" என்றாள். நாலடி போய்த் திரும்பினாள். "பை நெறஞ்சு வந்தா எனக்கு ஒரு சந்தோசமா இருக்கும் அண்ணே, அந்த வருசம் ஆசையா சாப்பிட்டிருக்காருன்னு." அம்பிட்டிய பஸ் வந்துவிட்டது என்று ஓடிவிட்டாள்.

இன்று நத்தார். கடை பூட்டு. சிவப்புக் கோட்டு என் வீட்டுக் கதிரையின் முதுகில் தொங்குகிறது. வலது பையில் கையை விட்டுப் பார்த்தேன், ஒரே ஒரு தாள். நாளைக்கு அவள் வருவாள். முதலாளியிடம் கேட்டு மிஞ்சிய டொபிப் பையை வாங்கி வந்திருக்கிறேன். காலையிலிருந்து மேசைக்கு முன்னால் உட்கார்ந்து ஒவ்வொன்றாக உரித்து வாயில் போட்டு, தாளை நீ மடிப்பதுபோல் மடித்துப் பையில் வைக்கிறேன். "இனிப்பே புடிக்காதுன்னு சொன்ன மனுசனுக்கு என்ன புடிச்சிருக்கு?" என்று வீட்டுக்காரி வந்து வந்து பார்த்துவிட்டுப் போகிறாள். பல்லெல்லாம் ஒட்டுகிறது மச்சான். ருசி இன்னும் தெரியவில்லை. பையும் இன்னும் நிறையவில்லை.