உச்சிமாகாளிக்குப் போட்ட சைபர்

கரமனை, 12.3.1974

அத்தானுக்கு,

உங்கள் முழங்கால் வலி தேவலையா? எனக்கு உடம்பு நன்றாக இருக்கிறது, கோபம்தான் அடங்கவில்லை.

இலங்கைத் தோட்டத் தமிழரை இரு நாடுகளும் பங்கிட்டுக்கொண்ட ஒப்பந்தத்தின் நன்மைகளைத் தேர்வில் கேட்டிருந்தோம். பொன்முடி எஸ்டேட்டிலிருந்து படிக்க வரும் உச்சிமாகாளி, "நாங்கள் கப்பலேறினோம், அக்காவை அங்கேயே நிறுத்திவிட்டார்கள். நன்மை எதுவென்று தெரியவில்லை" என்று எழுதியிருந்தாள். நான் முழு மார்க் போட்டேன். துறைத்தலைவர் கல்யாணராமன் அதை அடித்துவிட்டு சைபர் போட்டார்.

"அவாத்துச் சங்கதியெல்லாம் ஹிஸ்டரி ஆகுமோ, டீச்சரே?"

"அக்காவைப் பிரிச்சது ரெண்டு சர்க்கார், சார். அவ வீட்டுலயா கையெழுத்துப் போட்டாங்க?" என்று கேட்டுவிட்டு வந்துவிட்டேன். வேலைக்கு ஒன்றும் ஆகாது, பயப்படாதீர்கள்.

வகுப்புக்கு மணி அடித்துவிட்டது. கருப்பட்டி தீர்ந்துவிட்டது. பார்சலில் போடாமல் நீங்களே கொண்டு வாருங்கள். திருநெல்வேலிக்கும் கரமனைக்கும் நடுவில் எந்த ஒப்பந்தமும் இல்லையே.

நாச்சியார்