அப்பா ஊருக்கு வரும் ஆட்டம்

தை 9, வியாழன்.

இன்று ஆட வந்தவர்கள் மாலதி, பாத்திமா, ஜெனிதா, ரம்யா. சொல்லிக்கொடுக்க நான் மட்டும்.

யாரும் முறையாக ஆட்டம் பழகாத பிள்ளைகள். "அப்பா துபாயிலேர்ந்து வர்றதை உங்களுக்குத் தோணுனபடி ஆடுங்க" என்று முன்பே சொல்லியிருந்தேன். போன வாரம் ரம்யாவின் அப்பா அங்கே இறந்துவிட்டார். உடல் வரும்வரை மகளுக்குத் தெரியக் கூடாதென்று அவள் அம்மா கலா பூவும் பொட்டுமாகவே நடமாடுகிறாள். ஆட்டத்தை மாற்றினால் பிள்ளை சந்தேகப்படும் என்றதும் கலாதான்.

பாத்திமா மிட்டாய் வீசுவதுபோல் ஆடினாள். ரம்யா தரையில் நீட்டிப் படுத்து, "மூணு பேரும் தூக்குங்கடி" என்றாள்.

"லூசு, பொணம் மாதிரி படுக்குற" என்றாள் மாலதி.

"அப்பா அப்படித்தான் வர்றாங்க. அம்மாகிட்ட சொல்லிடாதீங்க அத்தை, அவங்களுக்கு இன்னும் தெரியாது."

மாரியம்மா தாயே, யாரிடமும் சொல்வதில்லை என்று உன் பேரில்தான் கலாவுக்குச் சத்தியம் செய்தேன். அம்மாவுக்கும் தெரியும் என்று ரம்யாவிடம் சொல்லி அதை மீறட்டுமா? சீக்கிரம் சொல்லு.