தகரக் கொட்டகையில் ஒரு சப்பை மூக்கு நாய்

அனுப்புநர்:
கிளாடிஸ் பர்னாந்து,
தையல் ஆசிரியை,
14, பண்டகசாலைத் தெரு,
வலம்புரித்துறை, தூத்துக்குடி வழி.

பெறுநர்:
செயல் அலுவலர் அவர்கள்,
பேரூராட்சி அலுவலகம்,
வலம்புரித்துறை.

பொருள்: உரிமம் பெற்ற என் நாய் மூன்று நாட்களாகத் தகரக் கொட்டகையில் அடைபட்டிருப்பது – உயிருக்கு ஆபத்து – இன்றே விடுவிக்கக் கோருதல் – தொடர்பாக.

பார்வை: நாய் உரிம வில்லை எண் 31/1983.

மதிப்பிற்குரிய ஐயா,

1. இவ்வூர்ப் பெண்கள் பள்ளியில் பத்தொன்பது ஆண்டுகளாகத் தையல் கற்பித்து வருகிறேன். இதுவரை தங்கள் அலுவலகத்துக்கு நான் ஒரு மனுவும் கொடுத்ததில்லை. தெருவிளக்கு எரியாதபோதும், குழாயில் உப்புத் தண்ணீர் வந்தபோதும், மற்றவர்கள் எழுதட்டும் என்று இருந்துவிட்டேன். அதற்காக இப்போது வெட்கப்படுகிறேன். எழுதிப் பழகியிருந்தால் இதைச் சீக்கிரம் முடித்திருப்பேன்.

2. என் அண்ணன் ரோச் பம்பாய்க் கப்பலொன்றில் சமையல் பண்டாரி. அங்கே ஒரு பார்சிக் குடும்பத்தார் கொடுத்த பக் இன நாய்க்குட்டியை நான்கு ஆண்டுகளுக்கு முன் ரயிலில் மடியில் வைத்துக் கொண்டுவந்து என்னிடம் விட்டார். நான் தனியாக இருப்பது அவருக்குக் கவலை. உருண்டையாக இருந்ததால், கடலில் மிதக்கவிடும் போயாவின் பெயரையே அதற்கு வைத்தார். அதன் முகம் தட்டையானது. மூக்கு இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு சிறு துளைகளும் ஒரு மடிப்பும்தான் உண்டு. அதனால் விழித்திருக்கும்போதும் குறட்டை விடுவதுபோலவே மூச்சுவிடும். பார்ப்பவர்கள் சிரிப்பார்கள். நானும் சிரித்திருக்கிறேன்.

3. பிறர் மேல் புகார் சொல்லுமுன் என் தவறைச் சொல்லிவிடுகிறேன். கோயில் கொடியேற்றத்துக்கு வீட்டிலுள்ள எல்லா உயிர்களும் வர வேண்டும் என்பது எங்கள் தெரு வழக்கம். கோழியைக்கூடக் கூடையில் தூக்கிவருவார்கள். சென்ற ஆண்டு நானும் போயாவைக் கழுத்துப் பட்டையில் பிடித்துக்கொண்டு உச்சிவெயிலில் நடத்திப் போனேன். அது பின்வாங்கியது, நான் இழுத்தேன். கொடிமரத்தடியில் நாக்கு நீலம் பாரித்துச் சாய்ந்துவிட்டது. தூத்துக்குடி கால்நடை மருத்துவர் டாக்டர் தேவபிரசாதம்தான் காப்பாற்றினார். மற்ற நாய்கள் இரைத்து உடல் சூட்டைத் தணித்துக்கொள்ளும். இதற்கு அந்த வழியே குறுகல் என்று விளக்கினார். கழுத்தில் பட்டை கூடாது, வெயிலில் நடை கூடாது, காற்றில்லாத அறை கூடவே கூடாது, உடல் பெருக்க விடக் கூடாது என்றார். நான் மக்ரூன் கொடுப்பதையும் அன்றே நிறுத்தச் சொன்னார். எல்லாவற்றையும் செய்தேன்.

4. தோணிக்குப் பாய் தைப்பவர்களிடம் மிச்சக் கித்தான் வாங்கி, கழுத்தை அழுத்தாமல் மார்பைச் சுற்றிப் பூட்டும் பட்டை ஒன்றை நானே தைத்தேன். தங்கள் அலுவலகம் ஆண்டுதோறும் வழங்கும், உரிம எண் பொறித்த வில்லையை அதன் முன்பக்கம், எவரும் படிக்கும்படி தைத்து வைக்கிறேன். ஓராண்டாக யாரும் குறை சொல்லவில்லை.

5. கடந்த திங்கட்கிழமை (9.5.83) காலை ஆறு மணிக்குக் கடற்கரையில் மீன் வாங்கிக்கொண்டிருந்தேன். போயா ஒரு வள்ளத்தின் நிழலில் உட்கார்ந்திருந்தது. நாய் பிடிக்க வந்தவர்கள் அதையும் சுருக்கில் பிடித்துவிட்டார்கள். வில்லையைக் காட்டினேன். சுகாதார மேஸ்திரி மந்திரமூர்த்தி குனிந்து பார்த்துவிட்டு, “டீச்சர், வில்ல கழுத்துல இல்லேன்னா தெருநாயின்னுதான் எழுதச் சொல்லியிருக்காவ. நான் என்ன செய்ய?” என்றார். விதியில் அப்படித்தான் இருக்கிறது என்று பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். அவர் மேல் எனக்குக் குறையில்லை.

6. அன்றே உரிம ரசீதுடன் வந்தேன். மறுநாள் காலை விடுவதாகச் சுகாதார ஆய்வாளர் கூறினார். மறுநாள் வந்தபோது, நாய் இரைக்கிறது, நுரை தள்ளுகிறது, தண்ணீரைத் தொடவில்லை, எனவே வெறிநோய் என ஐயப்பட்டுப் பத்து நாள் அடைத்துவைக்க எழுதியாயிற்று என்றார். ஐயா, அந்தக் கொட்டகை முன்பு மண்ணெண்ணெய்ப் பீப்பாய்கள் வைத்திருந்த இடம். நான்கு பக்கமும் தகரம், மேலேயும் தகரம், சன்னல் கிடையாது. இது கத்திரி வெயில் காலம். அடைத்து வைத்ததால் இரைக்கிறது. இரைப்பதால் அடைத்து வைத்திருக்கிறார்கள்.

7. தண்ணீர் விஷயம் தனியே கவனிக்கத்தக்கது. உள்ளே தண்ணீர் வைத்திருப்பது ஒடுக்கமான, உயரமான ஒரு டின்னில். நீண்ட மூஞ்சியுள்ள நாய் அதில் குடிக்கும். போயாவின் வாய் தண்ணீருக்கு எட்டவே எட்டாது. நேற்று மாலை துப்புரவுப் பணியாளர் சுடலைமாடத்தி கதவுக்குக் கீழே ஒரு தட்டில் தண்ணீர் தள்ளிவிட்டார். மூன்று தட்டு குடித்தது. “வெறி புடிச்ச நாயி தண்ணியக் கண்டா இப்படியா குடிக்கும்?” என்று அவர் என்னிடம் கேட்டார். இதை எழுதுவதால் அவருக்குக் கெடுதல் எதுவும் வந்துவிடக் கூடாது என்று தங்களைக் கைகூப்பிக் கேட்டுக்கொள்கிறேன்.

8. வெறிநோயை நான் விளையாட்டாக நினைப்பவள் அல்ல. என் வகுப்பில் படித்த ஹில்டா என்ற பெண் நான்கு ஆண்டுகளுக்கு முன் வெறிநாய் கடித்து இறந்தாள். அவள் பாதி பின்னிவைத்த குரோஷா லேஸ் இன்னும் என் அலமாரியில் இருக்கிறது. ஆகையால் நாய்களைக் கண்காணிக்க வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. போயாவுக்குப் பிப்ரவரியில் தடுப்பூசி போட்டிருக்கிறேன், சான்று இணைத்துள்ளேன். பத்து நாள் அல்ல, இருபது நாள் வேண்டுமானாலும் என் வீட்டில் அடைத்துவைத்துத் தினமும் காட்டுகிறேன்.

9. எனவே தாங்கள் அன்புகூர்ந்து,

அ) போயாவை இன்று நண்பகலுக்குள் என் பொறுப்பில் விட வேண்டுகிறேன்.

ஆ) தட்டை முக நாய்களுக்கு வில்லையை மார்புப் பட்டையில் அணிவிக்கலாம் என விதியைத் திருத்த வேண்டுகிறேன். எவருக்கும் பட்டை வேண்டுமென்றால் கூலியில்லாமல் தைத்துத் தருகிறேன்.

இ) உரிமையாளர் இல்லாத நாய்கள் ஏழு அதே கொட்டகையில் உள்ளன. அவற்றுக்கு எழுத ஆளில்லை. கூரைமேல் ஓலை போட்டு, அகன்ற சட்டியில் தண்ணீர் வைக்க உத்தரவிட வேண்டுகிறேன்.

10. தாங்கள் முகாமில் இருப்பதாகவும் பதினொரு மணிக்கு வருவீர்கள் என்றும் எழுத்தர் சொன்னார். இப்போது மணி ஒன்பதரை. தகரத்தில் இப்போதே கை வைக்க முடியவில்லை. விடுவிக்க மேலிடத்து அனுமதி வேண்டும் என்றால் கேட்டு வாங்குங்கள், நான் காத்திருக்கிறேன். ஆனால் அந்த அனுமதி வரும்வரை போயாவைக் கொட்டகை வாசலில் உள்ள வேப்பமரத்தடியில் கட்டிவைக்கவாவது சொல்லுங்கள். அவிழ்த்துக்கொண்டு ஓடிவிடும் என்று ஆய்வாளர் பயப்படுகிறார். ஐயா, போயாவால் இருபது அடி ஓட முடிந்திருந்தால் திங்கட்கிழமையே அது பிடிபட்டிருக்காது. நானும் இந்த மனுவை எழுதியிருக்க மாட்டேன்.

தங்கள் கையெழுத்துக்காக அலுவலக வாசலில் நிற்கும்,

(ஒப்பம்) கிளாடிஸ் பர்னாந்து

இடம்: வலம்புரித்துறை
நாள்: 11.5.1983

இணைப்பு: உரிம ரசீது, தடுப்பூசிச் சான்று, மருத்துவர் கடிதம்.