கண்டக்டர் கூப்பிட்டா ஏறிராத, அம்மா

அம்மா, ஷூ மாட்டிக்கிட்டே பேசி டைப் பண்றேன். அரேப்பா சோள ரொட்டி துணிக்குள்ள சூடா இருக்கு, சாப்பிடு. அதை எடுத்துக் கைக்கு ஒத்தடம் குடுக்காத! நேத்து நீ ஒத்தடம் குடுத்து வச்சதைத்தான் தெரியாம நான் தின்னேன். ஒத்தடத்துக்கு வெதுவெதுப்பா நனைச்ச துண்டு போதும்.

நேத்து கத்தினதை மனசுல வச்சுக்காத. ஆனா நீயே சொல்லு. கீமோ மருந்து ஏறி ஏறி இடது கை நரம்பு கயிறு மாதிரி இறுகிப்போச்சு, முழங்கைய நீட்ட வரல. அந்த மடங்கின கையோட ரோட்டோரம் நின்னா, நீ கைகாட்டுறன்னு நினைச்சு வேன்காரன் நிறுத்தத்தான் செய்வான். கரகாஸ்லேர்ந்து இங்க லிமாவுக்கு வந்து மூணு வருஷமாச்சு, இன்னுமா தெரியல? "ஏறும்மா, இடமிருக்கு"ன்னு கண்டக்டர் கத்தினதும் ஆஸ்பத்திரிய விட்டுட்டு கயாவோ துறைமுகம் வரைக்கும் போயிருக்க. அங்க வறுத்த மீன் வேற! கேட்டா, "பாவம், எனக்காக நிறுத்தினான், ஏறாம எப்படி?"ங்கற. மரியாதைக்கு ஏறினியா, ஊசிக்குப் பயந்து ஏறினியா?

இன்னைக்குப் பத்து மணிக்கு வரச் சொல்லிருக்காங்க. கைய சால்வைக்குள்ள மறைக்காம நர்ஸ்கிட்ட காட்டு. நெஞ்சுல தோலுக்கடியில சின்னதா ஒரு குழாய் பதிச்சு அது வழியாவும் மருந்து ஏத்தலாமாம். எதிர்வீட்டு ஹெர்மெலிண்டா அக்கா கூட வருவாங்க.

பின்குறிப்பு: அக்கா வேண்டாம். பேக்கரில லீவு சொல்லிட்டு ஒன்பதுக்கு நானே வர்றேன். உன் கை மடங்கியிருக்கிற அளவு, என் கையக் கோத்துக்கச் சரியா இருக்கும். அப்புறம் எந்த வேன் நிக்குதுன்னு பாப்போம்.

யூலிமார்