பத்தாம் வகுப்புக்குப் பதினெட்டு பெஞ்சு

சென்னை
20.9.1987

அன்புள்ள அம்சவள்ளிக்கு,

நான் சுகமாக இருக்கிறேன். உன் முழங்கால் வலி குறைந்ததா? அப்பாவுக்கு இருமல் நின்றதா?

இதை நேரில் சொல்லத்தான் ஊருக்குப் புறப்பட்டேன். இடஒதுக்கீட்டுப் போராட்டத்தில் சாலையில் மரங்களை வெட்டிப் போட்டிருப்பதால் பஸ் திண்டிவனத்தோடு திரும்பிவிட்டது. பஸ்ஸின் ஜன்னல் கண்ணாடி ஒன்றுதான் உடைந்தது, பயப்படாதே.

நம் சிவசங்கரை என்னோடு வைத்துக்கொண்டு வருகிற ஜூனில் சேர்க்க நினைத்தேனே, அந்தத் தனியார் ஆண்கள் பள்ளியிலேயே பெஞ்சு செய்யும் வேலை கிடைத்தது. பத்தாம் வகுப்பில் நூற்றுக்கு நூறு தேர்ச்சி என்று வாசலில் எழுதியிருக்கிறார்கள். ஆனால் ஒன்பதாம் வகுப்புக்கு முப்பது பெஞ்சு கேட்டவர்கள், பத்தாம் வகுப்புக்குப் பதினெட்டு போதும் என்றார்கள். வாட்ச்மேனிடம் விசாரித்தேன்.

"மார்க் கம்மியா வாங்குறவனுக்கு ஒன்பதாவதுலயே டீசி குடுத்துடுவாங்க. இதுகூடத் தெரியாதாண்ணே?" என்றார்.

கள்ளக்குறிச்சியில் அவன் படிக்கும் பள்ளிக்கும் நான்தான் பெஞ்சு செய்தேன். அங்கே நூற்றுக்கு எழுபது பேர்தான் தேறுகிறார்கள். ஆனால் இரண்டு வகுப்புக்கும் ஒரே அளவு பெஞ்சுதான் வாங்கினார்கள். கணக்கில் தடுமாறும் நம் பிள்ளைக்கு அதுதான் நல்ல பள்ளி. அங்கேயே இருக்கட்டும்.

தபால் எடுக்கும் நேரமாகிவிட்டது. அவனுடைய பழைய நோட்டு ஒன்றை அனுப்பு. அவனுக்கென்று என் அறையில் செய்து வைத்த மேசைமேல் வைக்க ஒன்றுமில்லை.

தெய்வசிகாமணி