ஹட்டன் குளிரில் கொதித்த பெட்டி

2005 ஜூன் 7, செவ்வாய்

இன்றைக்கும் அணைந்துவிட்டது. கொட்டகலைக் கல்யாண வீடியோவைச் சீடிக்கு மாற்றப் போட்டேன். பாதி தாண்டியதும் 'டிக்' என்று ஒரு சத்தம், திரை கறுப்பு. கரண்ட் போகவில்லை. தலைக்கு மேலே பல்பு எரிந்துகொண்டுதான் இருந்தது.

எங்கள் ஸ்டூடியோவில் என் கணவர் ஸுஹைர் படம் பிடிப்பார், நான் வெட்டி ஒட்டுவேன். கல்யாணமான வருசத்திலிருந்து அப்படித்தான். இந்தப் புது மெஷினை அவருடைய மாமா மகன் ரிஃகான் கண்டியில் பொருத்திக் கொடுத்தான். பென்டியம் ஃபோர், பறக்கும் என்றான். பறக்கிறது, பாதி வழிக்கு.

ஸுஹைர் சொல்லும் காரணம்: "நீ எபெக்ட் கூடப் போடுற. மெஷினுக்குத் தாங்க ஏலா."

எபெக்டா? பெண்ணும் மாப்பிள்ளையும் ஒரு சிவப்பு இதயத்துக்குள் வருகிற எபெக்ட் ஒன்றே ஒன்று. அதையும் அவர்தான் போடச் சொன்னார்.

ஜூன் 9, வியாழன்

அந்தக் கொட்டகலைக் கல்யாணப் பெண்ணின் அம்மா அழகம்மா மழையில் நனைந்துகொண்டு வந்தார். கல்யாணம் முடிந்து ஒரு கிழமைகூட ஆகவில்லை, அவருடைய கணவர் இராமையா நெஞ்சு வலி என்று உட்கார்ந்தவர் எழும்பவில்லை. இதை நாங்கள் முன்பே கேள்விப்பட்டோம். இன்றைக்குத்தான் அவர் முகத்தைப் பார்த்தேன்.

மகன் அழகுமுத்து குவைத்தில். தங்கச்சி கல்யாணத்துக்கும் லீவு கொடுக்கவில்லை, அப்பாவின் சாவுக்கும் கொடுக்கவில்லை. அவர்கள் தோட்டத்து லயத்தில், அதே வரிசை வீடுகளில், இருக்கிற பெண் ஒருத்தி வீட்டு வேலைக்கு இருபத்தாறாம் திகதி குவைத் போகிறாளாம். அவள் கையில் சீடியைக் கொடுத்தனுப்ப வேண்டும்.

"அவரு பேசுறது இருக்குங்களாம்மா அதுல?" என்று கேட்டார்.

இருக்கிறது என்றேன். சோறு பரிமாறுகிற இடத்தில் வாளியும் கையுமாக நிற்கிறார். கேமரா தன் பக்கம் திரும்பியதும், "என்னைய எடுக்காதீங்க தம்பி, பொண்ண எடுங்க" என்கிறார். அவ்வளவுதான். மெஷின் அதற்குக் கொஞ்சம் முன்னாலேயோ பின்னாலேயோதான் ஒவ்வொரு முறையும் சாகிறது. அந்த மனிதர் சிரித்துக்கொண்டே முகத்தைத் திருப்புவதை எத்தனை தடவை பார்த்துவிட்டேன். உயிரோடு இருந்தபோது அவரோடு நான் ஒரு வார்த்தை பேசியதில்லை. இப்போது சொந்தக்காரரைப் போல ஆகிவிட்டார்.

ஜூன் 12, ஞாயிறு

வைரஸ் என்று ரிஃகான் போனில் தீர்ப்புச் சொன்னான். எல்லாவற்றையும் அழித்துவிட்டு விண்டோஸ் புதிதாகப் போட்டேன். தமிழ் எழுத்துருக்கள் முதற்கொண்டு எல்லாம் திரும்ப ஏற்றினேன். ஒரு முழு ஞாயிறு போனது.

மறுபடியும் 'டிக்'.

ஆனால் ஒன்றைக் கவனித்தேன். அணைந்த உடனே போட்டால் எழும்புவதில்லை. ஒரு தேத்தண்ணி குடிக்கிற நேரம் விட்டுப் போட்டால் எழும்புகிறது. ஆறினால் வேலை செய்கிற சாமானுக்கு என்ன நோய்? சூடுதானே?

ஸுஹைரிடம் சொன்னேன். சிரித்தார். "இந்தக் குளிர்லயா? ஹட்டன்ல பேன் இரிக்கிற வீடு ஒண்டு காட்டு பாப்பம்."

வீடு என்ன, விற்கிற கடையே இல்லை. மத்தியானம் மேசை விசிறி கேட்டுப் பஜார் முழுக்க நடந்தேன். இரும்புக் கடைக்காரர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு ஹீட்டர் வேண்டுமா என்று கேட்டார்.

ஜூன் 13, திங்கள்

சண்டை.

இந்தப் பெட்டி இருப்பது கண்ணாடி அலுமாரிக்குள், கேமராக்களோடு. ஈரம் பிடிக்காமல் இருக்க உள்ளே எந்நேரமும் ஒரு பல்பு எரியும். போன மழைக்காலம் லென்ஸில் பூஞ்சணம் பிடித்து ஒரு நல்ல கேமரா போனதிலிருந்து ஸுஹைருக்கு ஈரம் என்றால் பேய். கேமராவுக்கு அது சரி. மூச்சு விடுகிற மெஷினுக்குமா? தன் சூட்டையும் பல்பின் சூட்டையும் சேர்த்துக் குடித்துக்கொண்டு உள்ளே கிடக்கிறது.

அவர் கந்தப்பளைக்குப் படம் பிடிக்கப் போன நேரம் வெளியே எடுத்து மேசையில் வைத்து ஓடவிட்டேன். முன்னைவிடத் தூரம் போனது! இராமையா பேசி முடித்து, தாம்பூலம் கொடுப்பது வரை. அப்புறம் அணைந்தது. ஆனாலும் போனதே?

அவர் வந்து பார்த்தார். திறந்த ஜன்னல், உள்ளே வருகிற பனிமூட்டம், மேசையில் பெட்டி.

"பூஞ்சணம் புடிச்சா ரிஃகான் வந்து தருவானா? ஒனக்கு இதப் பத்தி என்ன தெரியும்?"

என்ன தெரியுமா? எட்டு வருசமா அந்தக் கதிரையில குந்திக்கிட்டு இரிக்கிறது நான்தானே. அவர் பிடிச்சுக்கிட்டு வாற ஆட்டத்தையும் நடுக்கத்தையும் வெட்டி ஒழுங்காக்குறது யாரு? எனக்கு என்ன தெரியும்—நல்லாக் கேட்டார்.

பெட்டியைத் திரும்ப உள்ளே வைத்துவிட்டார். நாளைக்குக் கண்டிக்குக் கொண்டுபோகிறாராம்.

ஜூன் 16, வியாழன்

பெட்டி வந்தது. பவர் சப்ளை மாற்றியாகிவிட்டதாம். ரிஃகானின் கடையில் அருமையாக ஓடியதாம். அங்கே அவன் வெறும் பாட்டுத்தான் ஓடவிட்டிருப்பான்.

ஜூன் 17, வெள்ளி

அணைந்தது. முன்பைவிடச் சீக்கிரம். பெண் மணவறைக்கே வரவில்லை.

ஜூன் 18, சனி

திறந்தேன். ஸுஹைர் கடைவாசலில் பாஸ்போர்ட் படம் எடுக்க வந்தவர்களோடு நின்றார். நான் யாரிடமும் கேட்கவில்லை. திருகாணியைக் கழற்றிப் பக்கத் தகட்டை எடுத்துவிட்டேன்.

ப்ரொசெசரின் தலையில் ஒரு அலுமினியக் கட்டி உட்கார்ந்திருக்கிறது. அதற்கு மேலே சின்னக் காற்றாடி. கீழே உண்டாகிற சூட்டைக் கட்டி இழுத்துக்கொள்ள வேண்டும், காற்றாடி அதை ஊதித் தள்ள வேண்டும். கட்டியை நாலு பிளாஸ்டிக் கால்கள் போர்டோடு அழுத்திப் பிடிக்கின்றன. தொட்டுப் பார்த்தேன். ஆடியது. ஆடுகிற பல்லைப் போல. ஒரு கால் உடைந்து, அந்தப் பக்கம் கட்டி மேலே தூக்கி நிற்கிறது. மெஷினைப் போட்டால் காற்றாடி தன்பாட்டுக்குச் சுற்றுகிறது. கீழே தொடாத கட்டியை ஊதி என்ன பயன்?

தொடக்கத் திரையில் சூட்டின் அளவு காட்டுகிற இடம் இருக்கிறது. போய்ப் பார்த்தேன். சும்மா இருக்கும்போதே எழுபத்தெட்டு டிகிரி. இவ்வளவு நாளும் அந்த எண் அங்கேயேதான் இருந்திருக்கிறது. கண்டியிலும் இருந்திருக்கும். ஒருவரும் எட்டிப் பார்க்கவில்லை.

ஸுஹைரைக் கூப்பிட்டுக் கட்டியை விரலால் ஆட்டிக் காட்டினேன். அவரும் ஆட்டிப் பார்த்தார். பிறகு, "கண்டி பஸ்ல மடியில வெச்சிக்கிட்டுத்தான் வந்தன்," என்றார். குலுங்கலை மடி தாங்குமா?

ரிஃகான் திரும்பக் கொண்டுவரச் சொல்கிறான். அதே மாதிரிப் புதிது போடுவானாம். அதே பிளாஸ்டிக் கால், அதே வளைவு ரோட்டு. ஏலாது என்றேன். கொழும்புக்கு நானே போகிறேன் என்றேன். அவருக்குத் திங்கட்கிழமை படப்பிடிப்பு.

ஜூன் 20, திங்கள். கொழும்பு, ராத்தா வீடு

காலை ரயிலில் வந்தேன். எனக்கு மூத்த சகோதரி ரிஸ்லாவின் வீட்டில் பையை வைத்துவிட்டுக் கம்ப்யூட்டர் கடைகளுக்குப் போனேன். இங்கே புழுக்கம். எல்லாக் கடையிலும் ஏசி. சூட்டைப் பற்றிப் பேசினால் இங்கே ஒருவரும் சிரிப்பதில்லை, அதுவே ஆறுதல்.

முதல் கடைக்காரப் பையன் நீல வெளிச்சம் எரிகிற ஒன்றைக் காட்டினான். அழகுதான். சின்னக் காற்றாடி, வேகமாகச் சுற்றுகிறது, கொசு காதுக்குள் புகுந்த மாதிரி இரைச்சல். நான் கல்யாண வீடியோவுக்கு ஒலி சேர்க்கிறவள், இதை வைத்துக்கொண்டு எப்படி? இரண்டாவது கடையில் முழுக்கச் செம்பால் ஆன ஒன்று. செம்பு சூட்டை நன்றாக இழுக்குமாம், ஆனால் கையில் தூக்கினால் தராசுப் படிக்கல் கனம். இந்தப் பாரம் போர்டில் தொங்கினால் அதுவே முறியும்.

கடைசியில் கிடைத்தது பார்வைக்கு ஒன்றுமில்லாதது. அடிப்பாகம் மட்டும் செம்பு, மேலே மெல்லிய அலுமினியத் தகடுகள், என் உள்ளங்கையைவிடப் பெரிய காற்றாடி. பெரிது என்பதால் மெதுவாகச் சுற்றினாலே காற்று போதும், சத்தம் இல்லை. எல்லாவற்றையும்விட, பிளாஸ்டிக் கால் இல்லை. போர்டுக்குப் பின்னால் ஒரு தகடு வைத்து நாலு திருகாணியால் முறுக்க வேண்டும். சூடான காற்றை வெளியே தள்ள, பெட்டியின் முதுகுக்கு ஒரு காற்றாடியும் வாங்கினேன்.

கடைக்காரர் பொருத்துவதற்கு மாஸ்டர் இருக்கிறாரா என்று கேட்டார். நான்தான் பொருத்துவேன் என்றேன். ஒருமுறை பார்த்துவிட்டு, ப்ரொசெசருக்கும் செம்புக்கும் நடுவில் பூசுகிற பேஸ்ட் அரிசி மணி அளவு போதும், அப்பிவிட வேண்டாம் என்றார். அதற்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை. நல்ல மனிதர்.

ஜூன் 22, புதன்

போர்டை முழுவதும் வெளியே எடுக்க வேண்டியிருந்தது. ஒரு வயர் மாறினால் இருபத்தாறாம் திகதிக்குள் கல்யாணமும் இல்லை, இராமையாவும் இல்லை. ஸுஹைர் டார்ச் பிடித்தார். எந்தத் திருகாணி எங்கிருந்து வந்தது என்று கேட்காமலே பிரித்துப் பிரித்து வைத்தார். பழைய பேஸ்ட் காய்ந்து பொருக்காகி இருந்தது, துடைத்தேன். புதிதை வைத்து நாலு மூலையையும் மாறி மாறி முறுக்கினேன். ஆட்டிப் பார்த்தேன். அசையவில்லை.

போட்டேன். நாற்பத்தொன்று.

நாற்பத்தொன்று!

பிறகு பக்கத் தகட்டை மூடப் போனால் மூட முடியவில்லை. காற்றாடி ஒரு விரல் அளவு வெளியே நிற்கிறது. எல்லாவற்றையும் அளந்தேனே, உயரத்தை அளந்தேனா? என் தலையில் நானே அடித்துக்கொண்டேன். திறந்தபடி வைத்தால் ஈரம், எலி, தூசி. இனி அவர் என்ன சொல்வார் என்று எனக்கே தெரியும். அழுகை வந்தது.

அவர் தகட்டைக் கையில் எடுத்துக்கொண்டு மழைக்குள் இறங்கிப் போனார். கோபித்துக்கொண்டு போகிறார் என்று நினைத்தேன். திரும்பி வந்தபோது தகட்டில் வட்டமாக ஒரு ஓட்டை. தகர வேலைக்காரரிடம் வெட்டி, விளிம்பை ராவி, மேலே மெல்லிய கம்பி வலையும் அடித்து வாங்கியிருந்தார்.

"இந்த மேசையிலயே இரிக்கட்டும்," என்றார். "ஜன்னல மட்டும் சாத்து."

ஜூன் 23, வியாழன்

முடிந்தது. முழுவதும். தாம்பூலம், ஊர்வலம், பெண் அழுதுகொண்டு வேனில் ஏறுவது, கடைசியில் எங்கள் ஸ்டூடியோ பேர். சூடு அறுபதைத் தாண்டவில்லை. நான் பக்கத்திலேயே குந்தியிருந்தேன், சாப்பிடக்கூட எழும்பவில்லை.

சாயந்தரம் அழகம்மா வந்தார். போட்டுக் காட்டினேன். அந்த இடம் வந்ததும் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார். அழுவார் என்று பார்த்தேன், சிரித்தார்.

"வாளிய கீழ வைக்கவே இல்ல பாருங்க. கடைசி வரைக்கும் அவரு சாப்புடல அன்னைக்கி."

ஆகஸ்ட் 14, ஞாயிறு

குவைத்திலிருந்து அழகுமுத்து கடைக்குப் போன் எடுத்தான். சீடி கிடைத்ததாம். அறையில் இருக்கிறவர்கள் எல்லாரும் சேர்ந்து பார்த்தார்களாம். கொஞ்சம் தயங்கிவிட்டு, "அக்கா, அப்பா வேற எங்கயாச்சும் பேசுறாரா? நீங்க வெட்டிப் போட்டதுல ஏதும் இருந்தாலும் பரவால்லங்க," என்றான்.

ஸுஹைர் மூல டேப்புகளை எடுத்து ஒவ்வொன்றாக ஓட்டினார். ஒன்றில், கேமராவை நிறுத்த மறந்து கதிரையில் வைத்துவிட்டு இவர் சாப்பிடப் போயிருக்கிறார். படத்தில் ஆட்களின் கால்களும் பந்தி மேசைகளின் கால்களும்தான். ஆனால் குரல் தெளிவாகக் கேட்கிறது. இராமையா பக்கத்தில் யாரிடமோ மகனைப் பற்றிப் பேசுகிறார்: எப்போது வருவான், வந்தால் வீட்டின் எந்தப் பக்கம் அவனுக்கு அறை சேர்த்து இறக்க வேண்டும், குவைத்தில் மழை பெய்யுமா.

வேறு யாராவது என்றால் குப்பை என்று தள்ளியிருப்பேன். இதில் வெட்ட ஒன்றும் இல்லை. அப்படியே சீடிக்குப் போட்டுவிட்டு, ஸுஹைருக்கும் எனக்கும் தேத்தண்ணி ஊற்றப் போனேன்.