எலும்பு ஊறுகாய்

அன்புள்ள மைதிலி,

உன் முழங்கால் வலி தேவலையா? எனக்கு இந்த மலைக்குளிரைத் தவிர குறையில்லை.

விஞ்ஞானிகள் டைனோசர் எலும்பின் தாதுவை அமிலத்தில் கரைத்தபோது வளையும் மென்திசு மிஞ்சியதாக வகுப்பில் சொன்னேன். பிள்ளைகள் நம்பவில்லை. நிரூபிக்கக் கோழி எலும்பை எலுமிச்சைச் சாற்றில் ஊறவைத்தேன். விடுதியில் சமைக்கும் சின்னக்கண்ணு அதில் உப்பையும் மிளகாய்த்தூளையும் கொட்டிவிட்டார்.

"ஊறுகாய்னா உப்பு வேண்டாமுங்களா சார்?"

எல்லாம் வீண் என்று பயந்தேன். ஆனால் சில நாளில் எலும்பு ரப்பராய் வளைந்தது.

"அப்ப டைனோசர்ல இருந்தது நெசமாவே அதோட திசுவுங்களா?" என்று மாணவி கோகிலா கேட்டாள்.

"விஞ்ஞானிகளே இன்னும் வாதாடுகிறார்கள். எனக்குத் தெரியாது" என்றேன். என் மதிப்பு போயிற்று என்று நினைத்தேன். அவளோ எலும்பை உற்றுப் பார்க்க லென்ஸ் கேட்டாள்.

என் லென்ஸ் நம் வீட்டு மேஜை இழுப்பறையில் இருக்கிறது. பார்சலில் உடையும். முடிந்தால் நீயே கொண்டு வா. மலையடிவாரத்தில், காளப்பநாயக்கன்பட்டியில் வந்து நிற்கிறேன். பஸ் கிளம்புகிறது, கடிதத்தைக் கொடுத்தனுப்ப வேண்டும்.

உன்
சுந்தரராஜன்